ஆவுடை கொடுத்த மோர்

மார்ச் 9, ஞாயிறு

வார்னிஷ் கம்பெனிக்காரன் இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி. இதுவரை எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று குறித்து வைக்கத்தான் உதவியது. இனி என் வயிற்றைப் பற்றியும் எழுதப் போகிறேன். டாக்டர் "எப்பருந்து வலிக்கு?" என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிக்க வேண்டியிருக்கிறது.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தொப்புளுக்கு மேலே பிடித்து முறுக்குகிறது. மத்தியானம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஒரு பிடி பிடித்தேன். அப்புறம் கடையில் குனிந்து ஒரு கம்பிச் சுருள் கட்ட முடியவில்லை. கோவில்பட்டியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற என் 'கோமதி ரீவைண்டிங் ஒர்க்ஸ்' என்றால் தெரியாதவர்கள் குறைவு. எரிந்த மோட்டாரை மோந்து பார்த்தே எங்கே போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சொந்த வயிற்றில் மட்டும் அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

"வயசு அம்பதத் தாண்டியாச்சு. இன்னும் புது மாப்பிள்ளை மாதிரி வெட்டுனா வலிக்காம என்ன செய்யும்?" என்றாள் ஆவுடை. அங்கன்வாடியில் ஆயா. என்னைக் கட்டிக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. என் முதல் மனைவி பிரமு காய்ச்சலில் போன பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல் கிடந்தது. ஆவுடை வந்து அதை வட்டியும் முதலுமாகத் தீர்த்துவிட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

பக்கத்துத் தெரு டாக்டர் வாயு என்றார். மாத்திரை தின்று பார்த்தாயிற்று. வாயு போகவில்லை, எடைதான் போகிறது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். சாயந்திரமானால் லேசாகக் காய்ச்சல் வேறு.

இன்று குளிக்கும்போது சோப்புக் கையில் அது தட்டுப்பட்டது. தொப்புளுக்கு இடது பக்கம், ஆழத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அழுத்தினேன். அது திருப்பித் தட்டியது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். துடிக்கிறது. உள்ளே இன்னொரு ஆள் இருந்துகொண்டு என் கையைத் தள்ளுகிறான் என்று தோன்றியது. ஈரத்தோடு வெளியே வந்து ஆவுடையின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

"திருநெல்வேலிக்குப் போவோம்" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

டாக்டர் ஹெப்சிபா. குடல் ஸ்பெஷலிஸ்ட். சின்ன வயசு, நிதானமான பேச்சு. ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார்.

"ஐயா, குடலைப் பின்னால இருந்து தாங்கிப் பிடிக்க ஒரு சவ்வு இருக்கு. புடவைக் கொசுவத்தை ஒரு கையில பிடிக்கிற மாதிரி அது குடலைப் பிடிச்சு வச்சிருக்கும். அதுல இருக்கிற கொழுப்பு படத்துல கறுப்பாத் தெரியணும். உங்களுக்குப் பனி விழுந்த மாதிரி மங்கலா இருக்கு. நடுவுல கட்டி தட்டியிருக்கு."

"துடிக்கே?" என்றேன்.

"கட்டி துடிக்கல. அதுக்குப் பின்னால ஓடுற பெரிய ரத்தக் குழாய்தான் துடிக்குது. கட்டி மேல கை வச்சா அது தெரியுது."

சரி என்றேன். ஆனால் கை வைத்தால் துடிப்பது கட்டிதான். பின்னால் போய் யார் பார்த்தார்கள்?

இது ஒரு வகைக் கேன்சராக இருக்கலாம், டி.பி.யாக இருக்கலாம், இரண்டும் இல்லாமல் ஓர் அபூர்வமான வீக்கமாகவும் இருக்கலாமாம். சதையை எடுத்துப் பரிசோதிக்காமல் வாயைத் திறக்க மாட்டாராம். மோட்டாரைப் பிரிக்காமல் நானும் சொல்ல மாட்டேன். அதனால் அவரை மதிக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டு உள்ளே பார்த்து ஒரு துணுக்கு எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பாயசம் கொடுத்தார்கள். ஆவுடை ரசம் மட்டும் ஊட்டினாள்.

ஏப்ரல் 23, புதன்

கேன்சர் இல்லை! டி.பி.யும் இல்லை. ஆவுடை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

வந்திருப்பது மெசென்டெரிட்டிஸ். அந்தக் கொசுவச் சவ்வு காரணமே இல்லாமல் தானாக வீங்கி, தடித்து, சுருங்குகிறதாம். குடலை இழுத்துப் பிடிப்பதால்தான் வலி. ஏன் வருகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். காரணம் இல்லாமல் எந்த மோட்டாரும் எரிவதில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை.

அறுவை வேண்டாம். இரண்டு மாத்திரை. ஒன்று ஸ்டீராய்டு, நாளாக நாளாகக் குறைப்பார்கள். "இதை நீங்களா நிறுத்தவே கூடாது ஐயா. உடம்பு இதைத் தானாச் சுரக்கிறதை விட்டிருக்கும். சட்டுனு நிறுத்துனா பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொன்னார். தூக்கம் கெடும், பசிக்கும், முகம் உப்பும், சிலருக்கு மனசு குழம்பும் என்றார்.

நான் வெளியே வந்த பிறகு ஆவுடையை மட்டும் கூப்பிட்டு ஏதோ பேசினார். என்னவென்று கேட்டேன். "ஒங்களப் பாத்துக்கிடச் சொன்னாக" என்றாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

மருந்துக் கடையில் இரண்டாவது மாத்திரையைப் பார்த்துவிட்டு, "யாருக்கு அண்ணாச்சி? வீட்ல பொம்பளைகளுக்கா?" என்றான் கடைக்காரன். மார்புப் புற்றுக்குக் கொடுக்கிற மாத்திரையாம். எனக்குத்தான் என்றதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

டாக்டருக்குப் போன் போட்டேன். கட்டி தழும்பாக இறுகாமல் தடுக்க இதே மாத்திரையைக் கொடுப்பது வழக்கம்தான் என்றார். சரி என்றேன்.

மே 3, சனி

வலி பாதிக்குப் பாதி போய்விட்டது. காய்ச்சல் இல்லை. ஐந்து இட்லி தின்றுவிட்டு ஆறாவதைத் தேடுகிறேன். தூக்கம் வருவதில்லை. வராவிட்டால் போகட்டும்! தேங்கிக் கிடந்த மோட்டார் எல்லாவற்றையும் சுற்றி முடித்துவிட்டேன். கை அப்படி ஓடுகிறது. சத்தம் போட்டுப் பேசுகிறேன் என்று ஒரு வாடிக்கைக்காரன் மோட்டாரைத் திருப்பி எடுத்துப் போனான். போனால் மயிராச்சு.

மே 8, வியாழன்

சவரம் செய்யும்போது கண்ணாடியில் வேறொருவன் நின்றான். உருண்டை முகம், கன்னம் சிவந்து, கண் சிறுத்து. நான் கத்தியை எடுத்த பிறகுதான் அவன் எடுத்தான். கொஞ்சம் தாமதம். மறுபடி மறுபடி கையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் பிந்தித்தான் வந்தான்.

முகம் உப்பும் என்று டாக்டர் சொன்னது உண்மைதான். தாமதமாக வரும் என்று அவர் சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

அக்கா செல்லத்தாய் வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பிரமுவைக் கூடப்பிறந்தவள் போல வைத்திருந்தவள். ஆவுடை வந்த நாளிலிருந்து இவள் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. ஆவுடை மளிகைக் கடைக்குப் போகட்டும் என்று காத்திருந்து என் வயிற்றில் கை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"எலேய் நாயகம், இது நோவு இல்லல. இடுமருந்து."

சோற்றில் கலந்து புருஷனுக்குக் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுகிற சமாச்சாரம். குடலில் போய் ஒட்டிக்கொண்டு கட்டியாக வளருமாம். நான் சிரித்தேன். கறுப்புச் சட்டை போடாத குறையாக இத்தனை வருஷம் பகுத்தறிவு பேசி வந்தவன் நான்.

"சிரி. டாக்டர் காரணம் தெரியலன்னுதான சொன்னாக? எனக்குத் தெரியும். பிள்ளை இல்லாதவ. நீ பிரமு படத்துக்கு இன்னும் பூ வைக்க. அவ வேற என்னத்தச் செய்வா?"

அக்கா போன பிறகும் அந்தப் பேச்சு வீட்டிலேயே இருந்தது.

மே 14, புதன்

அங்கன்வாடி லீவு. ஆவுடை நாள் முழுக்க வீட்டில் இருக்கிறாள். உச்சிவேளையில் தெருவே ஓய்ந்து கிடந்தது. கண்ணை மூடிக் கட்டிலில் கிடந்தேன். அடுப்படியில் அவள் அடிக்குரலில் பேசுவது கேட்டது.

"தூங்கவே மாட்டேங்காக... என்னையே பாத்துக்கிட்டு இருக்காக... இல்ல, அவுகளுக்குத் தெரியாது... கொறைச்சிரலாமா? ...சரிம்மா, அடுத்த வாரம் கூட்டிட்டு வாரேன்."

எழுந்து போய் நின்றேன். போனை முந்தானையில் வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தாள். "யாரு?" என்றேன். "டாக்டரம்மா" என்றாள். என் டாக்டரோடு எனக்குத் தெரியாமல் இவளுக்கு என்ன பேச்சு? எதைக் குறைக்கப் போகிறார்கள்?

கட்டிலுக்குத் திரும்பினேன். வயிற்றுக்குள்ளிருந்து உறுமல் வருகிறது. மூன்று வயரில் ஒன்று அறுந்துபோனால் மோட்டார் சுற்றவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் உறுமுமே, அதே சத்தம். ஆவுடைக்குக் கேட்கவில்லையாம். கேட்டால் சொல்வாளா?

மே 18, ஞாயிறு

குழம்பில் ஒரு முடி. நீளமான முடி. எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். "ஒங்க மண்டையில இது எங்க இருக்கு, எனுதுதான்" என்று சிரித்தாள். முன்பெல்லாம் இப்படிச் சொன்னால் நானும் சிரிப்பேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

மே 20, செவ்வாய்

விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே ஒற்றை வீடு. அக்காவும் நானும் போனோம். வயிற்றிலிருந்து இடுமருந்தை எடுக்கிற அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். இடது கன்னம் புடைக்க வெற்றிலை அடக்கியிருந்தாள். யாரோடும் பேசவில்லை. என்னை மல்லாக்கப் படுக்க வைத்துக் கட்டி இருக்கும் இடத்தைத் தானாகவே தொட்டாள். அங்கே அக்காவைத் தவிர யாருக்கும் அந்த இடம் தெரியாது.

ஒரு பித்தளைக் குழலை வயிற்றில் ஊன்றி வாயால் இழுத்தாள். உள்ளிருந்து எதையோ வேரோடு பிடுங்குவது போல இருந்தது. நிமிர்ந்து கிண்ணத்தில் துப்பினாள். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு உருண்டை, அதைச் சுற்றி முடி. நீளமான முடி. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"பொம்பள கொடுத்தது. வீட்டுக்குள்ள இருக்கிறவ" என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் பேச்சு. கன்னம் இப்போது ஒட்டியிருந்தது.

பத்தியம் சொன்னாள். உப்பு ஆகாது. வேறு எந்த மாத்திரையும் ஆகாது, எடுத்தது மறுபடி ஒட்டிக்கொள்ளும். கொடுத்தவள் கையால் ஒரு பருக்கை கூடாது.

வீட்டுக்கு வந்து வயிற்றில் கை வைத்தேன். கட்டி அங்கேயேதான் இருக்கிறது. துடிக்கவும் செய்கிறது. வேர் வாடும்வரை அப்படித்தான் இருக்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

மே 23, வெள்ளி

அக்கா வீட்டிலிருந்து உப்பில்லாக் கஞ்சி வருகிறது. மாத்திரைகளை முழுங்குவது போல வாயில் போட்டு, கடையில் காலி வார்னிஷ் டப்பாவில் துப்பிவிடுகிறேன். நேற்று தலை சுற்றியது. இன்று காலை எழுந்திருக்கவே முடியவில்லை. வேர் கிளம்புகிறபோது அப்படி இருக்கும்தானே.

டாக்டரிடம் போவோம் என்று ஆவுடை கூப்பிட்டாள், வர மாட்டேன் என்றுவிட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கடையைக் கூட்டிப் பெருக்கினாள். அவள் கடைக்குள் வருவதே கிடையாது.

மே 25, ஞாயிறு

உடம்பு நேற்றும் இன்றும் தெம்பாக இருக்கிறது. தலைசுற்றல் போன இடம் தெரியவில்லை. மருந்து எடுக்கிற அம்மா லேசுப்பட்டவள் இல்லை! அக்காவிடம் சொன்னேன், உருகிப்போனாள்.

கஞ்சி மட்டும் கொஞ்சம் கசக்கிறது.

மே 27, செவ்வாய்

கையும் களவுமாகப் பிடித்தேன்.

மத்தியானம் அக்கா அனுப்பிய கஞ்சியை ஆவுடை சுடவைக்க அடுப்படிக்கு எடுத்துப் போனாள். சுடவைக்க மட்டும் அவளை விட்டிருந்தேன். இஞ்சி நசுக்குகிற சின்ன உரலில் டொக், டொக் என்று சத்தம். கஞ்சியில் இஞ்சி எதற்கு? செருப்பில்லாமல் போய்க் கதவோரம் நின்றேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். உரலில் வெள்ளைத் தூள். அதை வழித்துக் கஞ்சியில் போட்டு, விரலாலேயே கலக்கினாள். கலக்கும்போது உதடு ஏதோ முணுமுணுத்தது.

எனக்கு வயிற்றுக் கட்டி நின்று துடித்தது. கஞ்சியைத் தட்டிவிட்டேன்.

அவள் பதறவில்லை. "டாக்டர் தந்த மாத்திரைதாங்க. நீங்க துப்புனதை டப்பாவுல பாத்தேன். நிறுத்துனா செத்துருவிய. அங்கன்வாடில புள்ளைக பூச்சி மாத்திரை திங்காதுன்னா வெல்லத் தண்ணியில நசுக்கித்தான் கொடுப்பேன். எனக்கு வேற வழி தெரியல."

எவ்வளவு தயாராக வைத்திருக்கிறாள் பதிலை! அக்காவைக் கூப்பிட்டேன். "பிடிபட்டவ வேற என்ன சொல்லுவா?" என்றாள் அக்கா. டாக்டரைக் கேளுங்கள் என்று ஆவுடை போனை நீட்டினாள். டாக்டரும் இவளும் கூட்டு என்பது எனக்குத் தெரியாதா?

போகச் சொன்னேன். கயத்தாற்றில் தம்பி வீட்டுக்குப் போனாள். வாசல் தாண்டும்போது அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுத?

மே 29, வியாழன்

வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது. அடுப்படியில் மட்டும் உரல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. போய்ப் பார்த்தேன். உரல் கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது.

மே 30, வெள்ளி

குடித்த கஞ்சியெல்லாம் வாந்தி. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. நேரமெல்லாம் உப்பு நினைப்பாகவே இருக்கிறது. முன்கையில் வியர்வை பூத்திருந்தது. நக்கினேன். இனித்தது. நக்கிக்கொண்டே இருந்தேன்.

அவள் வைத்தது போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது என்கிறாள் அக்கா. அவள் முகத்திலும் இப்போது ஈயாடவில்லை. மருந்து எடுக்கிற அம்மாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை.

மே 31, சனி

கண்ணாடியில் இருப்பவன் இன்று எழுந்து வரவே இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

வண்டியில் எழுதுகிறேன். வண்டி ஆடுகிறது, எழுத்து கோணுகிறது.

உச்சிவேளை. முன்கூடத்துத் தரையில் கிடந்தேன். காலையில் வந்த அக்கா ஏதோ திருநீறு வாங்கப் போயிருந்தாள், நான்தான் உள்ளே பூட்டிக்கொண்டேன். கிரில் கேட்டைத் தட்டுகிற சத்தம். ஆவுடை. அவளுக்குப் பின்னால் அவள் தம்பியின் வண்டி நின்றது. என்னைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டாள். மனுஷச் சத்தமாகவே இல்லை.

"கேட்டத் தொறங்க."

நான் அசையவில்லை.

"அப்ப இங்கனயே பாருங்க." வாசல் படியில் உட்கார்ந்தாள். மாத்திரை அட்டையைப் பிதுக்கிக் காகிதத்தில் கொட்டினாள். டம்ளர் அடியால் நசுக்கினாள். தூக்குவாளியிலிருந்து மோரை ஊற்றித் தூளைப் போட்டாள். மேலே ஒரு பிடி உப்பு. எல்லாவற்றையும் எனக்குத் தெரிகிற மாதிரி கையைத் தூக்கித் தூக்கிச் செய்தாள்.

"ஆமா, நாந்தான் போட்டேன். ஒளிச்சுப் போட்டேன். இப்ப ஒங்க கண்ணு முன்னாலயே போடுதேன். மாத்திரைன்னா நம்ப மாட்டிய. நம்பாண்டாம். ஒங்க அக்கா சொன்னதுன்னே வச்சிக்கிடுங்க. குடிச்சிட்டு வண்டியில ஏறுங்க. டாக்டரம்மா ஊசியோட காத்துக்கிட்டு இருக்காக."

கேட்டுவரை தவழ்ந்து போனேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கம்பிக்கு நடுவே கையை விட்டு என் தலையைத் தூக்கிப் பிடித்தாள். டம்ளர் உதட்டில் பட்டது.

நான் யோசிக்காமல் குடித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது இடுமருந்துதான். எனக்குத் தெரியும். இதைக் குடித்தால் என் புத்தி என்னிடம் இருக்காது, ஆயுசுக்கும் இவள் பிடியில்தான் கிடக்க வேண்டும். அக்கா எவ்வளவு சொல்லியிருக்கிறாள். ஆனால் துரத்திவிட்ட வீட்டு வாசலில், தெருவே பார்க்க உட்கார்ந்து, ஒரு மனுஷனைத் தன்னிடமிருந்து போகவிடாமல் கட்டிப்போட இவ்வளவு பாடுபடுகிறாளே ஒருத்தி! என்னை யாருக்கு இவ்வளவு வேண்டியிருக்கிறது?

முதலில் உப்பு. பிறகு கசப்பு. கட்டிப்போட்டால் போடட்டும் என்று கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.